கம்போங் கெலாப்பாவில் ஒரு நிமிடத் தாமதம்

1

எங்கள் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. தொடக்க நாளில் மலாய்ப் பிள்ளைகள் கொம்பாங் மேளம் தட்ட, ஒரு பெரிய மனிதர் நாடா வெட்டினார். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டிச் சோறு. அதே ஸ்டேஷனில் இருபது வருஷம் மாஸ்டராக இருந்த என் கணவருக்கு அழைப்பு வரவில்லை. அழைக்காமலே போனார். கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு, கையில் பெட்டிச் சோற்றோடு திரும்பி வந்தார்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"நேரத்துக்கு வெளிக்கிட்டது," என்றார். அவர் பார்த்தது அதை மட்டும்தான்.

இதை உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் வராமல் போய் ஐந்து வருஷமாகிறது. தண்டவாளங்களையும் அதன் அடியில் கிடக்கிற சிலிப்பர் கட்டைகளையும் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரிலிருக்கிற என் தம்பி எழுதியிருந்தான். நீங்கள் வாசிக்கிற இந்தப் பத்திரிகையே இடம்பெயர்ந்து இப்போது கொழும்பில் அச்சாகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு, இங்கே குளிரூட்டிய பெட்டியும் தானாகத் திறக்கிற கதவும் வந்த கதையைச் சொல்வது அவ்வளவு நல்லதல்ல. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். காரணம் ரயில் இல்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவள் நான். தைப்பூசத்தைப் பற்றி எழுதினேன், டுரியான் பழத்தைப் பற்றி எழுதினேன். பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, மகன் அவுஸ்திரேலியாவில் பேர்த்தில் இருக்கிறான், மகள் வதனா லண்டனில் படித்து அங்கேயே குடும்பமாகிவிட்டாள் என்று எழுதினேன். மகனைப் பற்றி எழுதியது உண்மை. வதனா ஒரு நாளும் லண்டனுக்குப் போனதில்லை. அவள் காப்பாரில் இருக்கிறாள். இங்கிருந்து கிள்ளானுக்கு ரயிலில் முக்கால் மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் அரை மணித்தியாலம். பதினாறு வருஷமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

2

கம்போங் கெலாப்பா பெரிய ஸ்டேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிற பாதையில், வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுவதற்காகக் கட்டிய பலகைக் கட்டடம். தகரக் கூரை, ஒரு மேடை, ஒரு டிக்கெட் ஜன்னல். மாஸ்டருக்குக் கொடுத்த வீடு மேடையிலிருந்து முப்பது அடி தள்ளி. குசினி ஜன்னலைத் திறந்தால் மேடையின் ஒரு முனை முழுவதும் தெரியும். பாதைக்கு அந்தப் பக்கம் கெங் வீடுகள். தண்டவாளம் பழுது பார்க்கிற கூலிகளைக் கெங் என்று சொல்வோம். அவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு மேலே மாஸ்டர், கிளார்க், கணக்கர் எல்லாம் பெரும்பாலும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். இந்த வித்தியாசத்தை நான் நன்றாக மனதில் வைத்திருந்தேன். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் பெருமை.

எழுபதுகளில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பயணிகள் வண்டி. மற்றதெல்லாம் சரக்கு. காலை வண்டிகளில் ஒன்று கோலாலம்பூருக்குப் போகும்; பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை செய்கிற கிளார்க்குமார் அதில் ஏறுவார்கள். பத்து மணிக்கு மற்றது கிள்ளானுக்கு. கீரைக் கட்டோடு சீனத்திகள் அதில் போவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய், ஏழு மணி வண்டியில் திரும்புவோம். எனக்கு வீட்டில் மணிக்கூடே தேவைப்படவில்லை. பத்து மணி வண்டி போனால் உலை வைக்க வேண்டும், நாலரை வண்டி வந்தால் தேத்தண்ணீர்.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக மாஸ்டரின் அறையில் ஒரு சிவப்பு இரும்புப் பெட்டி இருந்தது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துச் சம்மதம் சொன்னால்தான் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு டோக்கனை எடுக்க முடியும். அதை ஒரு தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, மாஸ்டர் மேடையில் போய் நின்று டிரைவரின் கையில் கொடுக்க வேண்டும். வளையம் கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். எடுத்தால் வேலை போய்விடும்.

அந்த வளையத்தை என் கணவர் ஒரு நாளும் பிந்திக் கொடுத்தவரல்ல. என் சொந்தச் சித்தப்பா ஒருமுறை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நில்லும், நில்லும்" என்று கத்தியபடி ஓடி வந்தார். இவர் வளையத்தை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "மாமா, அடுத்தது நாலரைக்கு," என்றார். சித்தப்பா சாகும்வரை இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாஸ் விஷயத்திலும் அப்படித்தான். ரயில்வே ஊழியரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இலவசப் பாஸ் உண்டு. வெளிர்நீல அட்டை, மூலையில் தபால்தலை அளவு படம். மகனுக்குப் படிப்பு முடிகிற வரைக்கும் செல்லும். மகளுக்குக் கல்யாணம் முடிகிற வரைக்கும். வதனா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்: "பிள்ளை, கழுத்திலை தாலி ஏறினால் பாஸைத் திருப்பிக் குடுத்திடோணும். பிறகு டிக்கெட் எடுத்துத்தான் போகோணும். அது கவுண்மேந்துச் சாமான்." அவளும் தலையாட்டுவாள். தகப்பனும் மகளும் சரியான சோடி என்று நான் பகிடி பண்ணுவேன்.

3

கெங்குக்குத் தலைவனை மண்டோர் என்பார்கள். எங்கள் மண்டோர் முனியாண்டி. அவருடைய மனைவி வாரத்தில் ஒருநாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நான் வாங்கிக்கொள்வேன், உள்ளே கூப்பிட மாட்டேன். அவர்களுடைய மகன் சேகர் அந்த வரிசை வீட்டிலிருந்து படித்து, காப்பாரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனான். போவதற்கு முன் இரண்டு வருஷம் கோலாலம்பூரில் பயிற்சி. வதனா அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் ஒரே காலை வண்டி.

கோயிலில் ஒரு அக்கா என் காதுக்குள் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து ஆடினேன். "கெங் வீட்டிலை போய்ச் சிலிப்பர் கட்டை சுமக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"அவர் வாத்தியார், அம்மா."

"தேப்பன் ஆர்?"

அவளுடைய தகப்பன் பேப்பரைப் பிடித்தபடி இருந்தார். அன்றைக்கே நான் யாழ்ப்பாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி எழுதினேன். தம்பி கணக்கு வேலை பார்க்கிற ஒரு எக்கவுண்டனின் சாதகம் அனுப்பினான். அந்தச் சாதகத்தை அவளுடைய மேசையில் வைத்தேன். அதன் பிறகு மூன்று நாள் எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

நாலாம் நாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று தகப்பனிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒன்பதரை போல நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "அம்மா, நான் போட்டு வாறன்," என்றாள். நான் திரும்பவில்லை. கந்தோருக்குத்தான் பிந்தி பஸ்ஸில் போகிறாள் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் போய்விட்டது.

பத்து மணிக்குக் கிள்ளான் வண்டி வந்தது. வழக்கமாக அது வந்து, ஆட்கள் ஏறி, உடனே கிளம்பிவிடும். அன்றைக்கு நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்பது குசினிக்குள் கேட்டது. இந்த மனிசனுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கு என்று நினைத்தேன். துருவுகிற கை நின்றது. எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்ப்போமா என்றுகூடத் தோன்றியது. கை முழுக்கத் தேங்காய்ப்பூ. எழும்பவில்லை. பிறகு வண்டி போய்விட்டது.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம், "என்னப்பா, உங்கடை ரயிலும் பிந்துமோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒரு நிமிஷம்," என்றார். குழம்பை விட்டுச் சாப்பிட்டார்.

பின்னேர வண்டியில் வதனா வரவில்லை. ஏழு மணி வண்டியிலும் இல்லை. அவளுடைய அலுமாரியில் கடிதம் இருந்தது. முந்தின நாள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, கிள்ளானில் பதிவுத் திருமணம் செய்துவிட்டார்களாம். சேகர் காப்பாரில் வீடு எடுத்திருக்கிறாராம். "அம்மாவின் கோபம் ஆறினதும் வாறம்" என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் முனியாண்டி மண்டோர் பின்வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா, எங்களுக்குச் சத்தியமா தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா நானே தடுத்திருப்பேன். மாஸ்டர் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

நான் கதவைச் சாத்தினேன். அடுத்த மாதம் அவர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கீரையும் நின்றது.

4

கோபம் ஆறவில்லை. ஆற விடவில்லை என்பதுதான் சரி. அவள் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். மூன்றாவதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை. இவரோடு சண்டை வந்தால் என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. "உங்கடை ஓசிப் பாஸிலைதானே ஓடினவள்? நேர்மை நேர்மை எண்டு வளத்தியள், கடைசியிலை கவுண்மேந்துப் பாஸிலை பெடியனிட்டைப் போனவள்," என்பேன். அவர் எழும்பி ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

ஊரில் தங்கச்சி கேட்டாள், வதனாவுக்கு அந்த எக்கவுண்டன் சரிவருமோ என்று. லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று எழுதினேன். ஒரு பொய்தான். ஆனால் பொய்க்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. அங்கே குளிர் என்று எழுதினேன். கோட்டு வாங்கி அனுப்பினேன் என்று எழுதினேன். பிறகு உங்கள் பத்திரிகையிலும் எழுதினேன். சண்டை தொடங்கி ஊரில் செத்தவர்களின் பெயர்கள் வந்துகொண்டிருந்த காலத்தில்கூட, "வதனா சுகமே?" என்று நீங்கள் கேட்டீர்கள். பங்கருக்குள் இருந்து கேட்டீர்கள். நானும் சுகம் என்று எழுதினேன்.

ஸ்டேஷனும் மெலிந்துபோனது. எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், பஸ் கூடியது. பயணிகள் வண்டி நாலு இரண்டானது, பிறகு வண்டி வருகிற நாளும் வராத நாளும் என்றானது. இவர் ஓய்வு பெற்றதும் புது மாஸ்டர் வரவில்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். நாங்கள் பாதைக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு வாங்கிக்கொண்டோம். இரண்டாவது தண்டவாளம் போட வந்தபோது பழைய கட்டடத்தையும் எங்கள் பழைய வீட்டையும் ஒரே காலையில் இடித்துவிட்டார்கள். என் குசினி ஜன்னல் சட்டம் மண்ணில் கிடந்தது. இவர் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் போக மனமில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேர்த்திலிருந்து போன் எடுப்பான். "மம், சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வரி தமிழ், பிறகு ஆங்கிலம். அவனுடைய பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியும் வராது. "ஹலோ கிராண்ட்மா" என்றபிறகு நானும் அவர்களும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு அவன் போனை வாங்குவான். வதனாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கோயிலில் ஒருமுறை காதில் விழுந்தது. நான் கேட்காத மாதிரி விபூதி எடுக்கப் போய்விட்டேன்.

5

இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருஷமாகியும் என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு, இருக்கலாம் என்று விடப்பட்டவர்களுக்கு. ஒருநாள் திரும்பிப் போவோம் என்ற எண்ணத்தில் நான் நீலம் கேட்கவே இல்லை. இந்த வருஷம் தம்பி வீட்டை விட்டு இடம்பெயர்ந்துவிட்டான். எங்கள் வீடு வளவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கே தெரியாது. இனிப் போக இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் விண்ணப்பம் எடுத்தேன்.

மலாய் மொழி தெரிய வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது பாசார் மலாய், சந்தைப் பேச்சு. கத்தரிக்காய், மீன், விலை கூடிப்போச்சு, நாளைக்கு வாறன். கந்தோரில் யாரும் கத்தரிக்காய் கேட்கவில்லை. மூன்றாம் முறை போன அன்று, முக்காடிட்ட ஒரு மலாய்ப் பிள்ளை கவுண்டரில் இருந்தாள். மரியாதையான பிள்ளை. என்னை மக்சிக் என்றுதான் கூப்பிட்டாள், நாங்கள் மாமி என்கிற மாதிரி.

"அனாக் பெராப்பா, மக்சிக்?" பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"சாத்து," என்றேன். ஒன்று.

"டுவா," என்றார் பக்கத்திலிருந்த என் கணவர். இரண்டு.

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, பிள்ளைகளின் பெயரும் இப்போதைய விலாசமும் எழுத வேண்டும் என்று படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மகனுடைய விலாசத்தை எழுதுவதற்குச் சின்ன நோட்டைப் பார்த்தார். அடுத்த வரியில் வதனாவின் பெயரை எழுதினார். வீட்டு இலக்கம், ரோட்டின் பெயர், தாமான் என்கிற குடியிருப்பின் பெயர், காப்பார். அதற்கு நோட்டைப் பார்க்கவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்பவிருந்து தெரியும்?"

"முதலிலையிருந்தே."

மாதம் ஒருமுறை கிள்ளானில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். சிநேகிதர் யாரும் இல்லையாம். வதனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாளாம். ரயில் இல்லாத காலத்தில் இவர் பஸ்ஸில் போய்க்கூட அந்த ஸ்டேஷன் மேடையில் கிடக்கிற மர வாங்கிலில்தான் இருந்து கதைப்பாராம்.

"வீட்டுக்குப் போறேல்லையோ?"

"நீர் போகாத வீட்டுக்கு நான் எப்பிடிப் போறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாறு வருஷம் என்னை முட்டாளாக்கினீர்கள் என்று கத்தினேன். பழைய ஆயுதமும் தானாக வாயில் வந்தது. "ஓசிப் பாஸ் குடுத்து அனுப்பினதே நீங்கள்தானோ?" என்று கேட்டேன்.

அவர் எழும்பி அறைக்குள் போனார். பென்ஷன் புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து ஒரு வெளிர்நீல அட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். மூலையில் வதனாவின் படம். இரட்டைப் பின்னல்.

"அவள் பாஸிலை போகேல்லை," என்றார். "அண்டைக்குப் பத்து மணி வண்டிக்கு முன்னம் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தவள். இதை என்ரை முன்னாலை வைச்சவள். 'அப்பா, கிள்ளானுக்கு ஒரு டிக்கெட்' எண்டவள்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாஸ்டரின் மகள் டிக்கெட் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கல்யாணம் முடிந்துவிட்டது. கடிதத்தை நான் பார்ப்பதற்கு ஒன்பது மணித்தியாலம் முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"'வரேக்கையும் சேர்த்தோ?' எண்டு கேட்டனான். 'போறதுக்கு மட்டும்' எண்டவள். டிக்கெட்டிலை திகதி அடிச்சுக் குடுத்தனான்."

"அவ்வளவுதானோ?"

"வண்டி வந்திட்டுது. அவள் ஏறேல்லை, கதவடியிலை நிக்கிறாள். என்ரை கையிலை வளையம். டிரைவர் கையை நீட்டிறான். நான் குடுக்கேல்லை."

அவர் மேசையிலிருந்த அட்டையை நேராக்கி வைத்தார்.

"ஒரு நிமிஷம் வைச்சுக்கொண்டு நிண்டனான். எங்கடை குசினி ஜன்னலைத்தான் பாத்தனான். நீர் எட்டிப் பாப்பீர் எண்டு. வண்டி நிண்டால் உமக்குத் தெரியும்தானே."

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே."

"'அம்மாவைக் கூப்பிடாதேங்கோ' எண்டவள். ஆனால் அவளும் அந்த ஜன்னலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவள்."

வண்டி நேரம் குறிக்கிற ஸ்டேஷன் புத்தகத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். "பயணி" என்று எழுதினாராம். இருபது வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தில் இருந்த ஒரே தாமதம் அது.

சித்தப்பாவுக்காக நிறுத்தாத ரயிலை அவர் எனக்காக நிறுத்தியிருக்கிறார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டது. எழும்பிப் பார்ப்போமா என்று தோன்றியதும் எனக்கு நல்ல நினைவு. இத்தனை வருஷமும் ரயிலை, கெங்கை, மண்டோரை, அந்த அட்டையை, இந்த மனிசனை எல்லாம் குற்றம் சொன்னேன். ஜன்னலுக்கு நாலு அடி. அந்த நாலு அடியைத்தான் நான் நடக்கவில்லை. அன்று முழுவதும் அழுதேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

மூன்று நாள் கழித்துத்தான் அவரிடம் கேட்டேன்: "பிள்ளையளுக்கு என்ன பேர்?"

7

போன சனிக்கிழமை. பத்து மணி வண்டியில் அம்மா வருகிறாள் என்று இவர் போனில் சொல்லிவிட்டார். கிள்ளான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன் என்றாளாம். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எந்த வண்டியெண்டு ரண்டு தரம் கேட்டவள்," என்றார்.

புது மேடை சீமெந்து. எங்கே பார்த்தாலும் மஞ்சள் கோடு. மாஸ்டர் என்று யாரும் இல்லை, ஒரு இயந்திரம் டிக்கெட் தருகிறது. எத்தனையோ பேருக்கு டிக்கெட் வெட்டிக் கொடுத்த மனிதர் அதன் முன்னால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று படித்தார். இரண்டு டிக்கெட், போய்வர.

பத்து மணி வண்டி நேரத்துக்கு வந்தது. கதவுகள் தாமாகத் திறந்தன. என்னால் வாங்கிலிலிருந்து எழும்ப முடியவில்லை. முழங்கால் என்று சொன்னேன். பொய். அவள் கதவடியில் நின்ற இடம் எது என்று என் கண் தேடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது குப்பைத் தொட்டி. கதவுகள் மூடின. வண்டி போய்விட்டது.

"அடுத்தது பத்தரைக்கு," என்றார். சித்தப்பாவிடம் சொன்ன அதே குரல்.

"அவள் பாத்துக்கொண்டு நிப்பாள்."

"ஓம்."

பத்தரை வண்டியும் வந்தது. நான் எழும்பி, மஞ்சள் கோடு வரை போய், நின்றுவிட்டேன். என்ன முகத்தோடு இறங்குவேன்? முதல் சொல்லாக என்ன சொல்வேன்? அவர் ஏறிவிட்டார், நான் ஏறவில்லை. கதவு மூடப்போகிற மணி அடிக்கத் தொடங்கியது. கதவு அசைந்தது. அப்போது அவர் தன் கறுப்புக் குடையைக் கதவுக்கு நடுவில் நீட்டினார். கதவு குடையில் முட்டித் திரும்பவும் திறந்தது. மறுபடி மூட வந்தது. குடையை எடுக்கவில்லை.

உள்ளே நின்ற ஒரு இளைஞன், "அங்கிள், கதவுல கொடைய வைக்காதீங்க லா, டேஞ்சர். ரயில் லேட்டாவுது," என்றான்.

"தெரியும், தம்பி," என்றார் என் கணவர். "நான் ரயில்வேக்காரன்தான்."

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குடையைப் பிடித்தபடி என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை நான் போய் ஏறினேன்.